எந்த வித்தையைக் காட்டுவது?

எனக்குச் சீட்டு வித்தை நாலைந்து தெரியும். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சிறு வயதில் ஊர்த் திண்ணையில் ரம்மி ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டத்துக்கு ஆள் சேராத மாலைப் பொழுதுகளில் கற்றுக்கொண்டவை. மேடை ஏறும் தரம் அவற்றுக்கு இல்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில், "சும்மா ஒன்று செய்து காட்டுங்களேன்" என்று யாராவது சீட்டுக்கட்டை நீட்டினால், மானம் போகாமல் தப்பித்துக்கொள்ளப் போதுமானவை. அவ்வளவுதான்.

மேடையில் வித்தை செய்கிறவருக்கு எதைச் செய்வது என்ற யோசனை வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. பெட்டிகள் தயார். உதவிக்கு ஆள் தயார். டிக்கெட் வாங்கி வந்தவர்களும் ஏமாறத் தயார். நம்மைப் போன்றவர்கள் பாடு அப்படி இல்லை. கட்டு இன்னொருவருடையது. அதில் ஒன்றிரண்டு சீட்டுகள் காணாமல்கூடப் போயிருக்கலாம். சீட்டைக் கலைக்கிற அந்த அரை நிமிஷத்துக்குள் முடிவு செய்ய வேண்டும், எந்த வித்தை என்று. வெகு காலம் வரை இதைச் சாமர்த்தியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றே நினைத்திருந்தேன். எது எனக்குச் சரளமாக வருமோ, எதற்கு அதிகமாகக் கைதட்டுவார்களோ, அது. இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த அரை நிமிஷத்தில் தர்மத்துக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று தோன்றுகிறது. சீட்டுக்கட்டில் தர்மத்தைத் தேடுகிறானே என்று வாசகர்கள் சிரிக்கலாம். கும்பகோணத்துக் கல்யாணத்துக்கு முன்னால் நானும் சிரித்திருப்பேன்.

அது என் மைத்துனியின் கல்யாணம். முதல் நாள் இரவு, சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். புழுக்கம் தாங்காமல் குழந்தைகள் அழத் தொடங்கின. மூத்த மைத்துனர் எங்கிருந்தோ ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "மாப்பிள்ளை என்னவோ ஜாலமெல்லாம் பண்ணுவாராம், எங்களுக்கும் காட்டட்டுமே" என்றார்.

கலைத்துக்கொண்டே யோசித்தேன். கைவசம் மூன்று இருந்தன. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த இருபத்தொரு சீட்டு. அது மெதுவாக நகரும். மெழுகுவத்தி அணைந்துவிடும். இரண்டாவது, பந்தய வித்தை. ஒருவர் எடுத்து வைத்த சீட்டைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி, சீட்டுகளை ஒவ்வொன்றாக முகம் தெரியப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அவருடைய சீட்டும் வந்துவிடும். வந்ததைக் கவனிக்காதவன் போல மேலும் நாலைந்து போட்டுவிட்டு, "அடுத்தபடி நான் திருப்பப் போவது உங்கள் சீட்டுத்தான், என்ன பந்தயம்?" என்று கேட்பது. அவர் தன் சீட்டு போய்விட்டதே என்ற உற்சாகத்தில் சட்டைப் பையைத் தட்டுவார். நாம் கட்டைத் தொடாமல், கீழே கிடக்கும் அவருடைய சீட்டை எடுத்துக் குப்புறத் திருப்பிவிடுவது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். ஒருவர் மட்டும் சிரிக்க மாட்டார். ரயிலில் ஒரு தடவை இதைச் செய்து, எதிரில் இருந்த பெரிய மனிதர் விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை என்னோடு பேசாமல் வந்ததைப் பார்த்திருக்கிறேன். சம்பந்தி வீட்டார் இருக்கிற இடத்தில் அது வேண்டாம் என்று ஒதுக்கினேன். இந்த அளவுக்கு விவேகம் அன்றும் இருந்தது.

மூன்றாவது, மனத்தைப் படிப்பது. அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அதன் சூட்சுமம் மிக அற்பமானது. கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்தும்போது அடியில் இருக்கும் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று அது கிளாவர் எட்டு. ஒருவர் தம் இஷ்டப்படி ஒரு சீட்டை உருவிப் பார்த்துவிட்டுக் கட்டின் மேலே வைக்கிறார். கட்டை வெட்டி, கீழ்ப் பாதியை மேலே வைக்கச் சொன்னால், கிளாவர் எட்டு அவருடைய சீட்டின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எத்தனை தடவை வெட்டினாலும் இந்த ஜோடி பிரியாது. ஜனங்கள் வெட்டுவதையும் கலைப்பதையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். 52 சீட்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்கிட்டால் 68 இலக்கம் கொண்ட ஓர் எண் வரும். அந்தப் பிரளயமெல்லாம் கலைப்பதில்தான். வெட்டுவது என்பது ஒரு மாலையைச் சுற்றி விடுவது போன்றது. எந்தப் பூவுக்கும் பக்கத்துப் பூ மாறுவதில்லை. பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக முகம் தெரியப் போட்டால், கிளாவர் எட்டுக்கு அடுத்து வருவது அவருடைய சீட்டு.

உடனே அதை எடுத்து நீட்டிவிட்டால் அது வெறும் கண்டுபிடிப்பு. நான் அப்படிச் செய்யவில்லை. பார்த்தும் பார்க்காதவன் போல எல்லாச் சீட்டுகளையும் வாரி ஓரமாக வைத்துவிட்டு, சீட்டு எடுத்தவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "மனசிலே அதையே நினைத்துக்கொண்டிருங்கள். வேறு எதையும் நினைக்காதீர்கள். சிவப்பு... ஒரு முகம் தெரிகிறது... பெண் முகம்... ஆடுதன் ராணி."

கூடத்தில் ஒரு மூச்சு ஒலி எழுந்தது. அந்த ஒலிக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். கதை எழுதுகிறவனுக்கு அது கிடைப்பதே இல்லை. வாசகர் தம் வீட்டில், நாம் காணாத இடத்தில் மூச்சு விட்டுக்கொள்கிறார்.

சீட்டை எடுத்தவர் என் மனைவியின் அத்தை. எழுபது வயதை நெருங்கியவர். அத்தனை பேர் இருக்க, கட்டை அவரிடம் ஏன் நீட்டினேன்? வயதானவருக்கு மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. இந்த வித்தைக்கு, சொன்னபடி செய்கிற ஆள் வேண்டும். எட்டிப் பார்க்காத, கட்டைப் பிடுங்கிக் கலைத்துவிடாத, மறு பேச்சுப் பேசாத ஆள். அந்தக் கூடத்தில் அப்படிப்பட்டவர் அத்தை ஒருவர்தான் என்று என் கண் அரை நிமிஷத்தில் எடை போட்டுவிட்டது.

மறு நாள் காலை, முகூர்த்தம் முடிந்த பிறகு, பந்தலுக்குப் பின்னால் கைகழுவும் இடத்தில் அத்தை என்னைத் தனியே பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, உங்களை ஒண்ணு கேட்கணும். தப்பா நினைக்கப்படாது."

"சொல்லுங்கள், அத்தை."

"ராத்திரி என் மனசிலே இருந்ததைச் சொன்னீங்க. அதே மாதிரி இன்னொருத்தர் மனசையும் பார்க்க முடியுமா? எதிரே இல்லாட்டாலும்?"

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருடைய ஒரே பிள்ளை, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். பதினொரு வருஷமாகக் கடிதம் இல்லை. அப்பா காலமானபோதும் வரவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று அத்தை கேட்கவில்லை. "அவன் மனசிலே நான் இருக்கேனான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. போதும்" என்று கையை நீட்டினார், நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வதற்கு வசதியாக.

"இருக்கிறீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைக்கு என்ன செலவு? வாய்மையைப் பற்றிய அதிகாரத்திலேயே வள்ளுவர் பொய்மைக்கும் ஒரு சின்ன வாசல் திறந்து வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாசலில் ஒரு நிபந்தனை காவல் நிற்கிறது. விளையும் நன்மையில் குற்றம் கலந்திருக்கக் கூடாது. அதற்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பேன்? அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அவர் நிம்மதியாகத் தூங்கலாம். அல்லது தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. மனத்தைப் படிக்கிறவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அதுகூடத் தெரியாது.

சட்டைப் பையில் கட்டு இருந்தது. அங்கேயே, தண்ணீர்த் தொட்டிக் கட்டையின்மேல் சீட்டுகளைப் பரப்பி எல்லாவற்றையும் செய்து காட்டினேன். இது அடிச்சீட்டு, இதை முதலில் பார்த்துக்கொண்டேன், நீங்கள் வெட்டியதும் இது உங்கள் சீட்டின்மேல் வந்துவிட்டது, அவ்வளவுதான் அத்தை, மனசும் இல்லை, மந்திரமும் இல்லை. பொறுமையாகக் கேட்டார். இரண்டு தடவை தலையாட்டினார். பிறகு புடைவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்ல வேண்டாம்னு உங்களுக்குத் தோணினா விட்டுடுங்க, மாப்பிள்ளை. நல்ல சேதியா இருந்தா சொல்லியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொய்யைத் திரும்பப் பெற முயன்றதில் அதைவிடப் பெரிய பொய்யைக் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

சீட்டு வித்தையில் என்னைவிட நூறு மடங்கு கைதேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பாங்கியில் வேலை. அவரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஓய், நீர் கதை எழுதுகிறீரே, அது என்ன?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. பழைய சமாசாரம் ஒன்றை ஞாபகப்படுத்தினார். பத்திரிகையில் தொடர்கதை ஒன்று எழுதி வந்த காலத்தில், கதாநாயகியின் குழந்தைக்குச் சட்டை வாங்க வேண்டும் என்று ஒரு வாசகி ஐந்து ரூபாய் மணியார்டர் அனுப்பியிருந்தார். பணத்தை அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் கூப்பனில் அவர் எழுதியிருந்த நாலு வரியைப் பல நாள் பையில் வைத்துக்கொண்டு, பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். நண்பருக்கும் காட்டியிருக்கிறேன்.

"ஐந்து ரூபாயைத் திருப்பி அனுப்பினீர். கண்ணீரைத் திருப்பி அனுப்பினீரா? கூப்பனுக்கு ஒரு நியாயம், அத்தைக்கு ஒரு நியாயமா?"

இதற்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. கதைக்கு மேலே 'தொடர்கதை' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். நாடகக் கொட்டகைக்கு டிக்கெட் போல, புத்தகத்துக்கு அட்டை. உள்ளே வருகிறவர் இது பொய் என்று கையெழுத்துப் போட்டுவிட்டே வருகிறார். வீட்டுக் கூடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் மனத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பத்தாவது ஆள் போடவில்லை என்பது மறு நாள் காலையில்தான் தெரிகிறது. நண்பர் இதற்கும் சிரித்தார். அந்த வாசகியும் பத்தாவது ஆள்தானே என்றார். அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அந்தக் கூப்பனை நினைத்தால் சந்தோஷம்தான் முதலில் வருகிறது. வெட்கம் அப்புறம்தான் வருகிறது.

ஹூடினியின் வாழ்க்கையில் 1922-ஆம் வருஷத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்த விவகாரம் சற்றுத் தெளிந்தது. விலங்குகளையும் பூட்டுகளையும் உதறிவிட்டு வெளிவருவதில் உலகப் புகழ் பெற்ற ஹூடினி, எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று முறை பார்த்தால் அதன் மர்மத்தைச் சொல்லிவிடுவேன் என்று சவால் விட்டிருந்தார். அந்த வருஷம் பிப்ரவரியில் சிகாகோ நகரத்து ஹோட்டல் ஒன்றில் டாய் வெர்னன் என்ற 27 வயது இளைஞர் அவருக்கு ஒரு வித்தை காட்டினார். ஹூடினியே தம் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுக் கொடுத்த சீட்டு. அதைக் கட்டில் மேலிருந்து இரண்டாவதாகச் செருகுகிறார். உடனே அது மேலே வந்துவிடுகிறது. மறுபடியும் செருகுகிறார். மறுபடியும் மேலே. மூன்று முறைக்கு மேலாயிற்று. ஹூடினியால் சொல்ல முடியவில்லை. ஹூடினியை ஏமாற்றியவர் என்றே வெர்னன் பிற்பாடு விளம்பரம் செய்துகொண்டார்.

அதே வருஷம் ஜூன் மாதம், அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலும் அவர் மனைவியும் ஹூடினியைத் தங்கள் அறைக்கு அழைத்தார்கள். தம்பதிகள் ஆவிகளோடு பேச முடியும் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்கள். ஹூடினியின் தாயார் 1913-இல் காலமானவர். அந்த துக்கம் அவருக்கு ஆறவே இல்லை. அறையில் மூன்று பேர்தான். டாயிலின் மனைவி பென்சிலை எடுத்து, தாயார் எழுதுவதாகப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். அத்தனையும் ஆங்கிலம். தலைப்பில் ஒரு சிலுவைக் குறி. ஹூடினியின் தாயாரோ யூத குருவின் மனைவி, ஆங்கிலம் பேசியறியாதவர். ஹூடினி அங்கே மறுத்துப் பேசவில்லை. பின்னால் பகிரங்கமாக மறுத்தார். அதோடு டாயிலுடன் இருந்த சிநேகம் முறிந்தது.

இரண்டு தடவையும் சபை மிகச் சிறியது. இரண்டு தடவையும் ஹூடினிதான் எதிரே உட்கார்ந்திருந்தார். ஏமாற்ற வேண்டும் என்றே வந்த வெர்னன் அவருடைய கர்வத்தில் மட்டும் கை வைத்தார். ஏமாற்றும் எண்ணமே இல்லாத அந்த அம்மாள் அவருடைய தாயார்மேல் கை வைத்துவிட்டார். நோக்கம் சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எந்த இடத்தைத் தொடுகிறோம் என்பது தனிக் கேள்வியாக இருக்கிறது. கும்பகோணத்தில் நான் வெர்னனுடைய எண்ணத்தோடு அந்த அம்மாளுடைய காரியத்தைச் செய்திருக்கிறேன்.

நண்பருக்கு இது பிடித்திருந்தது. "அப்படியானால் சக்தி உம்மிடம் இருப்பதாகக் காட்டாதீர், பார்க்கிறவரிடமே இருப்பதாகக் காட்டிவிடும்" என்று ஒரு வழி சொன்னார். 1942-இல் பால் கர்ரி என்பவர் அமைத்த வித்தை ஒன்று உண்டு. பார்க்க வந்தவர், கவிழ்த்து வைத்த சீட்டுகளை உள்ளுணர்வால் இது சிவப்பு, இது கறுப்பு என்று பிரித்துக்கொண்டே போவார். கடைசியில் திருப்பிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். வித்தைக்காரர் ஒன்றுமே செய்யாதவர் போலத் தள்ளி உட்கார்ந்திருப்பார். உயர்ந்த வித்தைதான். முன்கூட்டிச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொள்ள வேண்டும் என்பதால், நீட்டிய கட்டில் உடனே செய்ய வசதிப்படாது என்பது கிடக்கட்டும். அதை அத்தையிடம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிள்ளையின் மனம் தமக்கே தெரியும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். என்னிடம் கேட்கக்கூட வந்திருக்க மாட்டார்.

இப்போதெல்லாம் கட்டு கைக்கு வந்ததும் சீட்டைப் பார்ப்பதில்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். யார் வீட்டில் சமீபத்தில் சாவு நடந்தது, யார் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறார், யாருடைய பெண்ணுக்கு வரன் தட்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஐந்நூறு பேர் உள்ள சபையிலும் இவர்கள் இருப்பார்கள். ஆனால் மேடை வெளிச்சத்தில் நிற்கிறவனுக்கு முகம் தெரியாது. கூடத்தில் தெரிகிறது. தெரிந்த பிறகு, தெரியாதது போல மணிக்கட்டைப் பிடிக்க முடியவில்லை.

ஆகவே இருபத்தொரு சீட்டுக்கே திரும்பிவிட்டேன். மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு. ஒருவர் மனத்தில் ஒரு சீட்டை நினைத்துக்கொண்டு அது எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, மறுபடி மூன்று வரிசையாகக் குறுக்கே போடுகிறோம். முதல் தடவையில் அவருடைய சீட்டு கட்டின் நடு ஏழில் அடைபடுகிறது. இரண்டாம் தடவையில் நடு மூன்றில். மூன்றாம் முறை போடும்போது, எந்த வரிசையைக் காட்டினாலும் அதில் நாலாவதாக வந்து நிற்கிறது. அடுக்கியபின் பதினொன்றாவது. இதுபோன்ற சீட்டுக் கணக்குகளை பாஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1612-லேயே புத்தகத்தில் போட்டுவிட்டார். கை வேகம் வேண்டாம். கண் ஜாடை வேண்டாம். உடந்தையாக ஒரு குழந்தையைப் பழக்கி அதைப் பொய் சொல்ல வைக்க வேண்டாம். இதில் பொய் சொல்லக் கூடியவர் பார்க்கிறவர் ஒருவரே. குறும்புக்காக வரிசையை மாற்றிச் சொன்னால் அங்கேயே நான் தோற்றுப் போவேன். அவருடைய வாய்மையை நம்பி நான் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற வித்தைகளில் நிலைமை தலைகீழ்.

குறை இல்லாமல் இல்லை. இளைஞர்கள் கொட்டாவி விடுகிறார்கள். மூன்றாம் தடவை செய்யும்போது யாராவது ஒரு பையன், "பதினொண்ணு! பதினொண்ணு!" என்று கத்திவிடுகிறான். வித்தையைத் தொழிலாகக் கொண்டவர்கள் நான் செய்வதை மன்னிக்க மாட்டார்கள். ரகசியம் அவர்களுக்குச் சோறு. எனக்குச் சோறு வேறு இடத்தில் இருப்பதால் தாராளமாக விட்டுக்கொடுக்கிறேன். அந்த மூச்சு ஒலி மட்டும் வருவதில்லை. அது வராதது எனக்குப் பெரிய குறையாகத்தான் இருக்கிறது. சில சமயம், முகங்களை நன்றாகப் பார்த்துவிட்டு, இங்கே ஆபத்து இல்லை, ஒரு தடவை அடிச்சீட்டைப் பார்த்தால் என்ன என்று கை குறுகுறுக்கிறது.

நாலு வருஷம் கழித்து அத்தை வீட்டுக்குப் போக நேர்ந்தது. பிள்ளையிடமிருந்து அதுவரையும் தகவல் இல்லை. அவரும் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை ஒன்று, ஏழெட்டு வயது இருக்கும், எப்போதும் அங்கேயே விளையாடிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது. அதற்கு ஊஞ்சல் பலகையின்மேல் இருபத்தொரு சீட்டைக் கற்றுக்கொடுத்தேன். இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டது. உடனே அத்தையை உட்காரவைத்து, வரிசையைக் காட்டச் சொல்லி, உதடு அசைய ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பதினொன்றாவது சீட்டை எடுத்து நீட்டியது. சரியாக இருந்தது.

அத்தை அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். "நீ எண்ணி எடுக்கிறே, கண்ணு. மாப்பிள்ளை அன்னிக்கு எண்ணவே இல்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டார்.